அலையின் குறுக்கே மனிதன்

கொடைக்கானல் மலையிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகும் ஆகாசவாணியை மதுரைச் சீமையில் ‘கோடைப் பண்பலை’ என்று அறியாதார் இல்லை. ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்திலிருந்து புறப்படும் அந்த அலை, மலைச்சரிவைத் தாண்டி, வயல்களையும் தென்னந்தோப்புகளையும் கடந்து, அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிராமங்களின் வீடுகளுக்குள் நுழைகிறது. இவ்வளவு தூரம் சுகமாகப் பிரயாணம் செய்து வந்த அலைக்கு ஆபத்து எங்கே நேர்கிறது என்று பார்த்தால், வீட்டுக் கூடத்திலேதான்! பெட்டியில் பாட்டுத் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருக்கும். காப்பித் தம்ளருடன் ஒருவர் குறுக்கே நடப்பார். பாட்டுக்குப் பதிலாக ‘உஸ்’ என்ற இரைச்சல் கிளம்பும். அவர் இரண்டடி தள்ளி நின்றால் பாட்டுத் திரும்பிவிடும். உட்கார்ந்தால் மறுபடியும் போய்விடும். “அங்கேயே நில்லு, அசையாதே!” என்று பாட்டி கட்டளையிட, பாட்டு முடியும் வரையில் பேரப்பிள்ளை தூண்போல நிற்பதும் உண்டு.

இதைப் பெட்டியின் கோளாறு என்று எண்ணி ரிப்பேர்க் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர். கடையில் வைத்தால் நன்றாகப் பாடும். வீட்டுக்கு வந்தால் பழைய கதைதான். உண்மையில் இது மனித சரீரத்தின் குணம். ரேடியோ அலையின் குறுக்கே மனிதன் வந்தால் என்ன ஆகும் என்னும் கேள்வி நூறு ஆண்டுகளுக்கு மேலாக விஞ்ஞானிகளை யோசிக்க வைத்திருக்கிறது. அந்த யோசனை இன்று வெகுதூரம் வந்துவிட்டது. வீட்டுக்குள் ஆள் நடக்கிறாரா, உட்கார்ந்து மூச்சு விடுகிறாரா என்பதைச் சுவருக்கு அப்பாலிருந்தே அறியும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. ஆகையால் இது விஞ்ஞானிகளுக்கு மட்டுமன்றி, வீட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்க விரும்புகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய விஷயமாகும்.

அலையின் நீளமும் ஆளின் உயரமும்

ரேடியோ அலை நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர் ஓடுகிறது. நொடிக்கு எத்தனை தடவை அது துடிக்கிறதோ, அந்த எண்ணால் இந்த வேகத்தை வகுத்தால் ஓர் அலையின் நீளம் கிடைக்கும். கோடைப் பண்பலை நொடிக்குப் பத்துக் கோடி தடவைக்குச் சற்று மேல் துடிப்பது. ஆகவே அதன் அலைநீளம் ஏறக்குறைய 3 மீட்டர். அதில் பாதி 1½ மீட்டர், அதாவது 5 அடி. அலையின் நீளத்தில் பாதி அளவுள்ள கம்பி அந்த அலையை நன்றாகப் பிடிக்கும் என்பது ஏரியல் கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. நம்முடைய உடம்போ பெரும்பாலும் தண்ணீர். அந்தத் தண்ணீரில் உப்புக் கரைந்திருக்கிறது. உப்புத் தண்ணீரில் மின்சாரம் ஓடும். ஆகவே ஐந்தடி, ஐந்தரையடி உயரமுள்ள ஒருவர் கூடத்தில் நடமாடும்போது, கோடை நிலையத்தின் அலைக்கென்று அளவெடுத்துச் செய்தாற்போன்ற ஓர் ஏரியல் நடமாடுகிறது என்றே கொள்ளலாம். அவர் அலையில் ஒரு பங்கை விழுங்குகிறார். ஒரு பங்கைத் திருப்பி வீசுகிறார். நேரே வந்த அலையும் அவர் வீசிய அலையும் பெட்டியில் வந்து கூடும்போது, மேட்டுடன் மேடு சேர்ந்தால் பாட்டு ஓங்கும். மேட்டுடன் பள்ளம் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும்.

நம் தாத்தாக்களுக்கு இந்தத் தொல்லை அதிகம் இருந்ததில்லை. 1939-ஆம் வருஷம் மே மாதம் 16-ந் தேதி தொடங்கிய திருச்சி வானொலி நிலையத்தை நடுத்தர அலையில் பல்லாண்டு காலம் கேட்டு வந்தார்கள். பிற்காலத்தில் அது ஒலித்த 936 கிலோஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 320 மீட்டர். ஆயிரம் அடிக்கும் மேல். ஆயிரம் அடி அலைக்கு ஐந்தடி மனிதன், வைகையில் வெள்ளம் புரண்டு வரும்போது நட்டு வைத்த நாணற்குச்சியைப் போன்றவன். வெள்ளம் அவனைக் கவனிப்பதே இல்லை. கலியாண வீட்டுக் கூட்டம் முழுவதும் பெட்டியைச் சுற்றி நின்றாலும் கச்சேரி தங்கு தடையின்றிக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஆயினும், மனிதன் அருகில் வந்தால் ரேடியோ ‘உணர்ந்துகொள்கிறது’ என்பது அந்த நாளிலேயே தெரிந்திருந்தது. சென்னை மாகாண ரேடியோ கிளப் 1924-இல் ஒலிபரப்பைத் தொடங்கிய காலத்துப் பெட்டிகள் சிலவற்றின் அருகே கையைக் கொண்டு போனாலே நிலையம் நழுவிவிடும். கீச்சென்று ஊளையிடவும் செய்யும். ரஷ்ய விஞ்ஞானி லெவ் தெர்மென் 1920-ஐ ஒட்டி இந்த ஊளையையே சங்கீதமாக்கினார். அவர் செய்த வாத்தியத்தை விரலால் தொட வேண்டியதில்லை. கம்பிக்கு அருகே கையை அசைத்தாலே சுருதி ஏறும், இறங்கும். தொல்லையைக் கருவியாக்கிக் கொள்ளும் சாமர்த்தியம் அப்போதே தொடங்கிவிட்டது.

போஸும் லெப்டினெண்ட் கவர்னரும்

அலையின் குறுக்கே மனிதனை வைத்துப் பார்த்த பரிசோதனை ஒன்று இதற்கும் வெகு முன்னால், நம் பாரத தேசத்திலேயே நடந்திருக்கிறது. 1895-இல் கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீச சந்திர போஸ் தம்முடைய மின் அலைகளின் விந்தையைப் பொதுமக்களுக்குக் காட்டினார். வங்காளத்து லெப்டினெண்ட் கவர்னரும் அந்தச் சபையில் வீற்றிருந்தார். அவருடைய பெரிய சரீரத்தையும் மூடிய இரண்டு அறைகளையும் கடந்து சென்ற அலை, மூன்றாவது அறையில் இரும்புக் குண்டை எறிந்தது, பிஸ்டலை வெடித்தது, வெடிமருந்துக் குவியலைக் கொளுத்தியது என்று போஸ் தாமே வங்காள மொழியில் எழுதி வைத்திருக்கிறார். அடிமைப்பட்டிருந்த நாட்டில், சொற்ப வசதிகளை வைத்துக்கொண்டு, ஆளுகிறவருடைய தேகத்தையே பரிசோதனைப் பொருளாக்கிய அந்தக் காட்சியை நினைத்தால் பெருமை மட்டுமா, சிரிப்பும் வருகிறதல்லவா?

போஸ் கையாண்ட அலைகளில் சில 5 மில்லிமீட்டர் நீளமே உடையவை. அத்தனை குறுகிய அலைகளை மனிதனுடைய தோலே விழுங்கிவிடும் என்பது இன்று தெரிந்த விஷயம். ஆகவே அன்று மூன்றாவது அறைக்குப் போய்ச் சேர்ந்த அலையில், கவர்னரைத் துளைத்துக்கொண்டு போன பங்கைவிட, அவரைச் சுற்றி வளைத்தும் சுவர்களில் மோதித் தெறித்தும் போன பங்கே அதிகமாயிருக்க வேண்டும். தடுக்கிற மனிதன், தெறிக்க வைக்கிற சுவர் என்னும் இந்த இரண்டையும் புரிந்துகொண்டால், இன்று வீட்டுக்குள் நடக்கும் ரேடியோ விளையாட்டு முழுவதும் புரிந்துவிடும்.

பிற நாட்டாரும் இதைத் தற்செயலாகக் கண்டார்கள். 1922-இல் அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சியாளர்களாகிய டெய்லர், யங் என்னும் இருவர், பொட்டோமாக் நதியின் ஒரு பக்கத்தில் அலை பரப்பும் கருவியையும் மறுபக்கத்தில் அதை வாங்கும் கருவியையும் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மரக் கப்பல் ஒன்று நடுவே வந்தது; ஒலி ஏறியது, இறங்கியது; கப்பல் கடந்தபின் பழையபடி ஆயிற்று. இருட்டிலும் மூடுபனியிலும் கப்பலைக் கண்டுபிடிக்க இது உதவுமே என்று அவர்களுக்குத் தோன்றியது. 1935-இல் இங்கிலாந்தில் டாவெண்ட்ரி ஒலிபரப்பு நிலையத்தின் அலை ஆகாய விமானத்தின்மேல் பட்டுத் திரும்புவதைக் கண்டறிந்தார்கள், ராடார் பிறந்தது. நதிக்குக் கப்பல் எப்படியோ, கூடத்துக்கு மனிதன் அப்படியே.

ஐந்து அங்குல அலை

இக்காலத்தில் வீட்டு ரேடியோ என்பது பாட்டுப் பெட்டியோடு நிற்கவில்லை. கையிலுள்ள செல்போனும் ரேடியோ. சுவரில் மாட்டியிருக்கும் வைஃபைப் பெட்டியும் ரேடியோ. வைஃபையின் பழைய அலை நொடிக்கு 240 கோடி தடவை துடிக்கிறது. அதன் நீளம் 12½ சென்டிமீட்டர், அதாவது 5 அங்குலம். பிற்பாடு வந்த மற்றொரு வகைக்கு நீளம் 6 சென்டிமீட்டர்தான். ஆயிரம் அடி அலைக்கு நாணற்குச்சியாயிருந்த மனிதன், ஐந்து அங்குல அலைக்கு வாய்க்காலின் நடுவே உருண்டு விழுந்த பாறையாகிவிடுகிறான்.

கூடத்தில் அந்த அலை நேர்வழியில் மட்டும் வருவதில்லை. சுவர், தரை, கம்பி வைத்துக் கட்டிய காங்கிரீட் கூரை, இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி எல்லாவற்றிலும் பட்டுத் தெறித்துப் பல வழிகளில் வருகிறது. ஆகையால் அலை ஓங்கும் இடமும் மங்கும் இடமும் கோலப் புள்ளிகளைப் போல் வீடு முழுவதும் பரவிக் கிடக்கின்றன; ஒரு மங்கலுக்கும் அடுத்த மங்கலுக்கும் இடையே இரண்டரை அங்குலந்தான் இருக்கும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஒருவர் நடந்தால், அவர்மேல் பட்டுத் திரும்பும் அலையின் பாதை நொடிக்கு 2 மீட்டர் வரை நீளும் அல்லது குறையும். ஐந்து அங்குல அலைக்கு அது 16 அலை. ஆகவே அவர் நடக்கும்போது அந்தக் கோலம் நொடிக்குப் பதினாறு தடவை வரை கலைந்து கலைந்து கூடுகிறது. அவர் பெட்டிக்கும் செல்போனுக்கும் நேர் நடுவில் நின்றுவிட்டாலோ, நேர்வழியில் வரும் சக்தி பத்தில் ஒரு பங்காகவும் அதற்குக் கீழாகவும் தேய்ந்துவிடலாம். போஸ் கையாண்ட 5 மில்லிமீட்டர் அலையில் இயங்கும் புதிய கருவிகளும் இப்போது உண்டு. அவற்றுக்கு மனிதன் குறுக்கிட்டால் நூறில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு சக்திதான் மிஞ்சும்.

ஜல்லிக்கட்டுக்கு உலகப் பிரசித்தி பெற்ற அலங்காநல்லூரில், தை மாதத்தில் உறவினர் வந்து இறங்காத வீடு ஏது? பத்துப் பேர் புழங்கும் கூடத்தில் முப்பது பேர் இருப்பார்கள். அன்று வாடிவாசலைச் சுற்றிய கூட்டத்தில் செல்போன் திணறுவதற்கு முக்கியமான காரணம், ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு சில கோபுரங்களைப் பங்கு போட்டுக்கொள்வது. ஆனால் வீட்டுக்குள் நேரும் திணறலில் சரீரங்களுக்கும் பங்கு உண்டு. முப்பது பேர் என்றால் முப்பது உப்புத் தண்ணீர்த் தூண்கள். அவையும் ஓரிடத்தில் நில்லாத தூண்கள்! காளையைக் கூடத்திலே கட்டும் வழக்கம் இல்லாதது அலையின் அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும்.

இதற்குச் செலவில்லாத பரிகாரம் ஒன்று இருக்கிறது. பெட்டியைத் தரையிலோ மேஜையின் கீழோ வைக்காமல், ஆள் தலைக்கு மேலான உயரத்தில், வீட்டின் நடுப்பாகத்தில் மாட்ட வேண்டும். அப்பொழுது அலை தலைகளுக்கு மேலாகப் போய்விடும். இரும்பு பீரோ, குளிர்ப் பெட்டி, தண்ணீர் நிரம்பிய டிரம் ஆகியவற்றின் மறைவில் வைப்பது, ஒரு பெருங்கூட்டத்தை எந்நேரமும் குறுக்கே நிறுத்தி வைப்பதற்குச் சமானம். பாட்டுக் கேட்கும் பெட்டியை மலைப் பக்கத்து ஜன்னலோரம் வைத்தால் பேரப்பிள்ளைக்கும் விடுதலை கிடைக்கும்.

பொள்ளாச்சிக்காரர் கண்ட வழி

தெறித்து வரும் அலைகளை வெகுகாலம் எஞ்சினியர்கள் சனியன் என்றே கருதினார்கள். அந்தச் சனியனை உபகாரியாக மாற்றிய பெருமை ஒரு தமிழ்நாட்டுக்காரருக்கு உண்டு. 1944-இல் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ் இளம் வயதிலேயே இந்தியக் கடற்படையில் சேர்ந்தவர். 1971-ஆம் வருஷத்து யுத்தத்தில் ‘குக்ரி’ என்னும் நம் போர்க்கப்பலைப் பகைவரின் நீர்மூழ்கி மூழ்கடித்தது. அதற்குப் பின் கடலடிச் சத்தத்தைக் கேட்டு நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கும் சோனார் கருவியை நாமே செய்துகொள்ளும் முயற்சி ஓங்கியது. கொச்சியில் நடந்த அந்த வேலையைத் தலைமை தாங்கி முடித்தவர் பால்ராஜ். பிறகு அவர் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலைக்குச் சென்றார். 1992-இல் தாமஸ் கைலாத் என்னும் இந்தியப் பேராசிரியருடன் சேர்ந்து ஒரு புதிய முறைக்குப் பேடெண்டு கோரினார். 1994-இல் அது கிடைத்தது. ‘மிமோ’ என்று இன்று வழங்கும் முறை அதுவே. இந்திய சர்க்கார் 2010-இல் அவருக்குப் பத்ம பூஷண் விருது அளித்தது; 2014-இல் மார்க்கோனி பரிசும் அவரைத் தேடி வந்தது.

அதன் தத்துவத்தைக் கடைக் கணக்கு ஒன்றால் விளக்கலாம். 2 தேங்காயும் 1 சீப்புப் பழமும் 100 ரூபாய். 1 தேங்காயும் 1 சீப்புப் பழமும் 70 ரூபாய் என்றால், தேங்காய் 30 ரூபாய், சீப்பு 40 ரூபாய் என்று பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லிவிடும். இரண்டாவது பட்டியல் ‘4 தேங்காய், 2 சீப்பு, 200 ரூபாய்’ என்றிருந்தால் யாராலும் சொல்ல முடியாது. அது முதல் பட்டியலின் இரட்டிப்பே அல்லவா? இரண்டு ஏரியல்களிலிருந்து ஒரே சமயத்தில் இரண்டு வெவ்வேறு செய்திகளை அனுப்பினால், வாங்கும் பக்கத்து ஏரியல்கள் இரண்டிலும் அவை கலந்தே விழும். வெட்டவெளியில் இரண்டு கலவையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், கணக்குத் தீராது. சுவரும் பீரோவும் மனிதரும் நிறைந்த வீட்டிலோ, அலைகள் வெவ்வேறு வழியாய்த் தெறித்து வருவதால் இரண்டு கலவையும் வேறு வேறாகின்றன, கணக்குத் தீர்ந்துவிடுகிறது. ஒரே அலைவரிசையில் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு செய்தி போகிறது. 2009-ஆம் வருஷத்து வைஃபைத் தர விதியிலும், அதன்பின் வந்த செல்போன் முறைகளிலும் இந்தத் தத்துவமே வேலை செய்கிறது.

பெட்டி நம்மை அளக்கிறது

இங்கேதான் மனித நடமாட்டம் மறுபடியும் குறுக்கிடுகிறது. கூடத்தில் ஒருவர் எழுந்து நடந்தவுடன் கலவை மாறிவிடும். நேற்றைய பட்டியல், ஏன், அரை நொடிக்கு முந்திய பட்டியல்கூட இப்போது உதவாது. ஆகவே ஒவ்வொரு செய்திக் கட்டின் தலைப்பிலும், இரு தரப்புக்கும் முன்பே தெரிந்த ஓர் அடையாளத்தைப் பெட்டி அனுப்புகிறது. அது எப்படி உருமாறி வந்து சேர்கிறது என்று பார்த்து, இந்தக் கணத்தில் கூடம் எப்படியிருக்கிறது என்பதைச் செல்போன் கணித்துக்கொள்கிறது. நமக்குச் செய்தி கொண்டுவர வேண்டுமானால், பெட்டி நம்முடைய நடமாட்டத்தை ஓயாமல் அளந்தே தீர வேண்டும். அந்த அளவைக் குப்பையில் போடாமல் சேர்த்து வைத்துப் படித்தால் என்ன தெரியும்? வீட்டின் நடமாட்டம் முழுவதும் தெரியும்!

2010-இல் அமெரிக்காவின் யூட்டா சர்வகலாசாலையில் வில்சன், பட்வாரி என்னும் இருவர், ஓரிடத்தைச் சுற்றிச் சிறு ரேடியோக்களை நிறுத்தி, அலைகளில் விழும் நிழலைக் கொண்டே நடுவிலிருக்கும் ஆள் எங்கே நிற்கிறார் என்று படமாக வரைந்தார்கள். 2013-இல் மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தீனா கதாபி, ஃபதேல் அதீப் ஆகியோர் வைஃபை அலையைக் கொண்டு சுவருக்கு அப்பால் ஆள் நடமாடுவதைக் கண்டார்கள். 2015-இல் அதே இடத்தார், தனிப்பட்ட ரேடியோக் கருவி ஒன்றால், உடம்பில் எதையும் மாட்டாமல் மூச்சையும் இருதயத் துடிப்பையும் கணக்கிட்டுக் காட்டினார்கள். மூச்சு விடும்போது மார்பு ஒரு சென்டிமீட்டர்கூட அசைவதில்லை. அலைக்கு அது போதுமானதாயிருக்கிறது. 2025-இல், வைஃபை அலையால் இவ்வாறு உணரும் முறைக்கென்றே சர்வதேச மின்பொறியாளர் சங்கம் தர விதியை வெளியிட்டுவிட்டது. சோதனைச் சாலை விந்தை, கடைச் சரக்காகும் கட்டத்துக்கு வந்திருக்கிறது.

இதனால் விளையக்கூடிய நன்மை சிறிதன்று. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, கிராமத்து வீட்டில் தனியே காலந் தள்ளும் பெரியவர்கள் எத்தனை பேர்! குளியலறையில் வழுக்கி விழுந்தால் மறுநாள் வரை கேட்பாரில்லை. அங்கே கேமரா வைக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள்; கழுத்தில் கருவி மாட்டிக்கொள்ளப் பெரியவர்கள் இசைவதுமில்லை. படம் பிடிக்காமல், மேலே படாமல், “அம்மா நடமாடுகிறாள்” என்ற ஒரு செய்தியை மாத்திரம் அலை சொல்லுமானால் அது பெரிய உபகாரமே. மின்விசிறி சுழல்வதையும் பூனை ஓடுவதையும் ஆளென்று மயங்காமலிருக்க அது இன்னும் பழக வேண்டும். பலர் கூடிய வீட்டில் இன்னாருடைய அசைவு இது என்று பிரிப்பதும் கடினமே. ஆயினும் பாதை திறந்துவிட்டது.

கணக்கு யார் கையில்?

தீமையும் அதே பாதையில் வரும். சுவருக்கும் காது உண்டு என்றார்கள் பெரியோர்கள். இப்போது சுவருக்கு ஒருவிதக் கண்ணும் முளைத்திருக்கிறது. வைஃபை அலை வாசற்படியோடு நின்றுவிடுவதில்லை, தெருவிலும் விழுகிறது. செய்தியைப் பூட்டி அனுப்பினாலும், அலை உருமாறும் விதத்தைப் பூட்ட முடியாது. வீடு காலியாயிருக்கும் நேரம், எல்லோரும் உறங்கும் நேரம், பெண்மணி தனித்திருக்கும் நேரம் ஆகியவை அந்நியர் அறியத் தக்கவையா? பெட்டியை விற்கும் கம்பெனி இந்தக் கணக்கைத் தன்னிடம் சேர்த்து வைத்துக்கொண்டு மற்றொருவருக்கு விற்றால், தாழிட்ட கதவுக்கு என்ன அர்த்தம்?

நம் நாட்டில் இதற்கு ஆதாரமான தீர்ப்பு ஒன்று இருக்கிறது. ஜல்லிக்கட்டு உரிமைக்காக 2017 ஜனவரியில் அலங்காநல்லூர் மக்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். அதே வருஷம் ஆகஸ்டு 24-ந் தேதி, புட்டசாமி வழக்கில், ஒன்பது நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட்டு பெஞ்சு, அந்தரங்கம் ஒவ்வொரு பிரஜைக்கும் அரசியல் சட்டம் அளிக்கும் அடிப்படை உரிமை என்று ஏகமனதாய்த் தீர்ப்பளித்தது. 2023-இல் பார்லிமெண்டு தனிநபர் விவரங்களைக் காக்கும் சட்டம் ஒன்றையும் இயற்றியது. சம்மதம் பெற்றே விவரங்களைக் கையாள வேண்டும் என்பது அதன் முக்கியமான கொள்கை. ஆனால் எதற்குச் சம்மதம் கேட்கிறார்கள் என்று அறியாதவன் கொடுக்கும் சம்மதம், படித்துப் பாராமல் வைக்கும் கைந்நாட்டுக்கு ஒப்பானது.

ஆகவே இனி வீட்டுக்குப் புதிய பெட்டி வாங்கும்போது, “எத்தனை வேகம்?” என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. “இது ஆள் நடமாட்டத்தை உணருமா? அந்த வித்தையை வேண்டாமென்று நிறுத்தி வைக்கலாமா? அறிந்த கணக்கு வீட்டோடு நிற்குமா, கம்பெனிக்குப் போகுமா?” என்ற மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும். தனித்திருக்கும் தாயாரின் வீட்டில் வைப்பதாயிருந்தால், முதலில் அந்தத் தாயாரையே கேட்க வேண்டும். இந்தத் துறையின் தொடக்கத்தில் ஒரு வங்காளியும், அதன் திருப்பத்தில் ஒரு பொள்ளாச்சிக்காரரும் நின்றார்கள் என்று பெருமை பேசுவது நியாயமே. அவர்கள் தேடித் தந்த அறிவு நம்மைக் காவல் காக்கிறதா, வேவு பார்க்கிறதா என்று விழித்திருந்து கவனிப்பது, அந்த அறிவை வீட்டுக்குள் வரவேற்றிருக்கும் நம்முடைய கடமையாகும்.